அழகான இருக்கையும் அமரத்தக்க இருக்கையும்

என் அக்கா மகன் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில், மிச்சம் பிடித்த பணத்தில் பழைய 350 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். வண்டி நன்றாகத்தான் இருந்தது. அதன் இருக்கைதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. "தாத்தா காலத்துத் திண்டு மாதிரி இருக்கு மாமா" என்றான். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கடையில் புது இருக்கை ஒன்றைப் பொருத்திக்கொண்டு வந்தான். மெல்லிய இருக்கை, முன்புறம் ஒடுங்கி, நடுவில் குழிந்து, பின்னால் வால்போல் மேலே எழும்பியிருந்தது. பழுப்பு நிற ரெக்ஸின் உறை, அதன்மேல் கட்டம் கட்டமாகத் தையல். பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பியும், சக்கரத்தின் ஓரத்தில் இருந்த சாரி கார்டும் அந்த அழகுக்கு இடைஞ்சல் என்று அவற்றையும் எடுத்துவிட்டிருந்தான். பார்க்க வண்டி மிக அழகாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். தாம்பரத்திலிருந்து அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினான். சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி மதுராந்தகம் வந்ததும் அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். "நீ வண்டியை ஓட்டிக்கிட்டு வாடா, நான் பஸ்ஸில் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். அவனாவது சுகமாக வந்து சேர்ந்தானா என்றால், நிச்சயதார்த்தம் முடியும்வரை அவன் உட்காரவே இல்லை. தூணில் சாய்ந்து நின்றபடி என்னிடம் கேட்டான்: "கடையில் உட்கார்ந்து பார்த்துத்தானே மாமா வாங்கினேன்? அங்கே மெத்தென்று நன்றாகத்தானே இருந்தது?"

மாணவ நண்பர்களே, இது நல்ல கேள்வி. கடையில் சுகமாக இருந்த இருக்கை சாலையில் ஏன் துன்பம் தந்தது? இதற்கு விடை காண உங்கள் இயற்பியல் பாடத்தின் முதல் சில அத்தியாயங்களே போதும்.

முதலில் நாம் எதன்மேல் உட்காருகிறோம் என்று பார்ப்போம். தசையின்மேல் என்றுதான் நினைப்போம். உண்மையில் இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் உருண்டையாக முடியும் இரண்டு எலும்பு முனைகளே நம் எடையில் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பார்த்தால் அவை தட்டுப்படும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் பெரியவர்களுக்குச் சுமார் 10 முதல் 14 செ.மீ. வரை இருக்கும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம்.

60 கி.கி. எடையுள்ள ஒருவர் வண்டியில் உட்காருகிறார். கால்களும் கைகளும் ஒரு பங்கைத் தாங்குவதால், இருக்கையின்மேல் விழுவது 45 கி.கி. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அது சுமார் 450 நியூட்டன் விசை. அழுத்தம் = விசை ÷ பரப்பு அல்லவா? வெறும் பலகையில் உட்கார்ந்தால் உடல் படும் பரப்பு 100 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் 45,000 பாஸ்கல். நல்ல மெத்தையில் உட்கார்ந்து, உடல் 900 சதுர செ.மீ. பரப்பில் படிந்தால் அழுத்தம் 5,000 பாஸ்கல்தான். எடை மாறவில்லை, பரப்பு ஒன்பது மடங்கானதும் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது.

இந்த எண்களை மருத்துவர் பேசும் மொழியில் மாற்றிப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் என்பது 133 பாஸ்கல். உங்கள் தாத்தாவின் இரத்த அழுத்தத்தை 120, 80 என்று சொல்கிறார்களே, அதே அலகுதான். பலகையில் உட்காரும்போது ஏற்படும் அழுத்தம் ஏறக்குறைய 338 மில்லிமீட்டர். நல்ல மெத்தையில் 38 மில்லிமீட்டர். யூஜீன் லாண்டிஸ் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1930-ல் விரல் நகத்தடியிலுள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில், அதாவது தந்துகிகளில், உள்ள அழுத்தத்தை அளந்தார். இரத்தம் உள்ளே நுழையும் முனையில் அது சுமார் 32 மில்லிமீட்டர் என்று கண்டார். வெளியிலிருந்து அதற்கு மேற்பட்ட அழுத்தம் நெடுநேரம் நீடித்தால், அந்த இடத்துத் தசைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. மரத்துப்போவதும் எரிச்சலும் வலியும் அதன் பிறகு வருபவை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நல்ல மெத்தையில்கூட அழுத்தம் 32-ஐத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் எந்த இருக்கையிலும் அசையாமல் நெடுநேரம் உட்கார முடியாது என்றாகிறது. வகுப்பில் உங்களால் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க முடிவதில்லையே, ஆசிரியர் திட்டினாலும் நெளிகிறீர்களே, அதற்கு ஓரளவு இந்த இரத்த ஓட்டமும் காரணம். (இதை உங்கள் ஆசிரியரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.) பழைய வண்டிகளின் நீண்ட தட்டையான இருக்கையில் ஓட்டுபவர் முன்னும் பின்னும் சற்று நகர்ந்து உட்காரலாம். நடுவில் குழிந்து பின்னால் எழும்பிய இருக்கை, உடலை ஒரே இடத்தில் அச்சில் வார்த்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. கடையில் இரண்டு நிமிடம் உட்காரும்போது அந்தப் பிடிப்பு சுகமாகத் தோன்றும். இரண்டு மணி நேரத்தில் அதுவே சிறை.

அடுத்து, உள்ளே இருக்கும் பொருள். இன்று பெரும்பாலான இருக்கைகளில் இருப்பது பாலியூரித்தேன் நுரை. பாலியூரித்தேன் என்ற பொருளை 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். நாம் சாதாரணமாக ஃபோம் என்கிறோம். வெட்டிப் பார்த்தால் தேன்கூடு போல எண்ணற்ற சிறு அறைகள். இதன்மேல் எடையை ஏற்றிக்கொண்டே போனால் மூன்று கட்டங்கள் தெரியும். முதலில் அறைச் சுவர்கள் லேசாக வளைகின்றன. நுரை சுருள்வில் போல எடைக்கேற்ப அமிழ்கிறது. பிறகு சுவர்கள் ஒவ்வொன்றாக மடிந்து சாய்கின்றன. இப்போது எடையைச் சிறிது கூட்டினாலே நிறைய அமிழும். "ஆகா, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது!" என்று நாம் வியப்பது இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவது கட்டத்தில் மடிந்த சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. அமிழ இடமே இல்லை. நுரை அப்போது ஒரு ரப்பர் கட்டியாகிவிடுகிறது. தன் தடிமனில் பாதிக்குமேல் நசுங்கியதும் சாதாரண நுரை இந்த நிலையை நெருங்கத் தொடங்கும்.

என் மருமகனின் புது இருக்கையை நாங்கள் அளந்து பார்த்தோம். பின்பகுதியில் நுரையின் தடிமன் 3 செ.மீ.; பரணில் கிடந்த பழைய இருக்கையில் 8 செ.மீ. இரண்டும் கைக்கு ஒரேபோல் மெத்தென்றுதான் இருந்தன. உட்கார்ந்ததும் இரண்டும் ஏறத்தாழ 2 செ.மீ. அமிழ்ந்தன. அப்போது பழையதில் மீதி 6 செ.மீ. இருக்கிறது. புதியதில் 1 செ.மீ. மட்டுமே, அதுவும் நசுங்கிய நிலையில்! கடையில் வண்டி நிற்கிறது. இருக்கை தாங்குவது நம் எடையை மட்டும். சாலையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது இருக்கை நம்மை மேல்நோக்கி முடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தில் அது தாங்கும் விசை எடையைப்போல் இரண்டு மடங்கும் ஆகலாம். பழைய இருக்கைக்கு இன்னும் அமிழ இடம் இருக்கிறது. புதியதில் எலும்பு நேராக அடித்தகட்டில் போய் இடிக்கிறது.

இதற்கு அதிர்வின் கணக்கும் துணை நிற்கிறது. இருக்கையை ஒரு சுருள்வில்லாகவும் அதன்மேல் உட்காருபவரை ஒரு நிறையாகவும் கொள்ளுங்கள். இந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதை அறியச் சுருள்வில்லின் விறைப்போ நிறையோ தனித்தனியாகத் தெரிய வேண்டியதில்லை. உட்கார்ந்ததும் எவ்வளவு அமிழ்கிறது என்று செ.மீ.யில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் போதும். விடை ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு எத்தனை முறை என்ற கணக்கில் வரும். 2.25 செ.மீ. அமிழ்ந்தால் 5 ÷ 1.5, அதாவது 3.3 ஹெர்ட்ஸ். முழுதும் நசுங்கிய மெல்லிய நுரையை, அதே எடைக்குக் கால் செ.மீ. மட்டும் அமிழும் ஒரு கடினமான சுருள்வில்லுக்கு ஒப்பிடலாம். அதற்கு 5 ÷ 0.5, அதாவது 10 ஹெர்ட்ஸ். நுரை இந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படாது. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தோராயம் போதும்.

இந்த எண்களால் என்ன பயன்? ஒரு சுருள்வில், தன் இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் குறைத்து அனுப்பும். அதற்குக் கீழே உள்ளவற்றை அப்படியே அனுப்பும். இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகே வந்தால் பெருக்கியே அனுப்பும். ஒத்ததிர்வு என்று படித்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வுகளில் மிகவும் வருந்துவது வினாடிக்கு 4 முதல் 8 முறை ஆடும்போதுதான். குடலும் முதுகெலும்பும் தாமே அந்த வேகத்தில் ஆட விரும்புகின்றன. சாலையில் 2 மீட்டருக்கு ஒன்றாக மேடுகள் இருந்து, வண்டி வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நமக்குக் கிடைப்பது சரியாக 5 ஹெர்ட்ஸ். வண்டியின் ஷாக் அப்சார்பர் இதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மிச்சம் இருக்கைக்கு வருகிறது. 3.3 ஹெர்ட்ஸ் இருக்கை 4.7 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைக் குறைக்கத் தொடங்கிவிடும். 10 ஹெர்ட்ஸ் இருக்கையோ அந்த 4 முதல் 8 வரை உள்ள முழு வரிசையையும் சற்றே பெருக்கி முதுகுக்கு அனுப்பும்.

எஞ்சினின் அதிர்வு எப்படி? நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50. இது 10 ஹெர்ட்ஸைவிட ஐந்து மடங்கு அதிகம். ஆகவே மெல்லிய இருக்கைகூட அதைப் பெருமளவு தடுத்துவிடும். கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்து, "அதிர்வே தெரியவில்லை" என்று மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வருவது இதனால்தான். அந்தச் சோதனை தவறானதல்ல. அது வேறொரு கேள்விக்கு விடை.

இத்தனையும் சொன்னதால் மெல்லிய இருக்கையை முட்டாள்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். 1950-களிலும் 60-களிலும் லண்டனில் நெடுஞ்சாலை ஓரத்துத் தேநீர்க் கடைகளில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களுடன் கூடுவார்கள். 1938-ல் தொடங்கப்பட்ட ஏஸ் கஃபே அவற்றுள் புகழ்பெற்றது. அவர்கள் பந்தய வண்டிகளைப் பார்த்துத் தங்கள் வண்டிகளை மாற்றிக்கொண்டார்கள். பந்தயத்தில் ஓட்டுபவர் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கக் குனிந்து படுக்கிறார். எடையில் நல்ல பகுதி கைகளுக்கும் கால்களுக்கும் போய்விடுகிறது. வளைவுகளில் உடலை இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார். வேகத்தைக் கூட்டும்போது பின்னால் வழுக்காமலிருக்கப் பின்புறத் திமில் தடுக்கிறது. அங்கே அந்த இருக்கை மிகப் பொருத்தம். 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம் 2013-ல் கான்டினென்டல் ஜி.டி. என்ற பெயரில் அதே தோற்றத்தை மீண்டும் கொண்டுவந்தபோது நம் ஊர் இளைஞர்களும் மயங்கினார்கள். ஒருவருடைய தேவை இன்னொருவருக்கு அலங்காரமாகிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போகிறவனுக்கு அந்தத் திமிலால் என்ன பயன்?

அம்மா என்றதும் நினைவுக்கு வருகிறது. இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் மறந்துவிடும் ஆள் பின்னால் உட்காருபவர்தான். கடைக்கு அவர் வருவதில்லை. நம் நாட்டில் புடவை கட்டிய பெண்கள் பலர் ஒருபக்கமாக உட்காருகிறார்கள். அப்போது இருக்கையின் அகலம் அவர்களுக்கு ஆழமாகிவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அக்கா உட்கார்ந்த இடத்தின் அகலம் 15 செ.மீ. நீங்கள் 15 செ.மீ. ஆழமுள்ள ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்களா? தொடைக்கு ஆதாரமே இல்லை. இரண்டு எலும்பு முனைகளும் ஏறக்குறைய விளிம்பிலேயே நிற்கின்றன.

அதைவிடக் கவலை தருவது பிரேக். வண்டி வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், அது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி. மட்டமான இருக்கையில் வழுக்காமல் உட்கார உராய்வுக் குணகம் குறைந்தது 0.5 வேண்டும். இருக்கை முன்நோக்கி 10 பாகை சரிந்திருந்தாலோ சுமார் 0.75 தேவைப்படும். பளபளப்பான ரெக்ஸினும் பட்டுப்புடவையும் சேரும் இடத்தில் அவ்வளவு உராய்வை எதிர்பார்க்க முடியாது. இருபுறமும் கால் போட்டு உட்காருபவர் முழங்கால்களால் இறுக்கிப் பிடிக்கலாம். ஒருபக்கமாக உட்காருபவருக்குக் கைதான் துணை. அந்தக் கை பிடிக்க வேண்டிய கம்பியைத்தான் என் மருமகன் கழற்றி வைத்திருந்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, பின்னால் உட்காருபவருக்கு உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கை வேண்டும் என்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 123-ஆம் விதி கைப்பிடியையும், கால் வைக்கும் இடத்தையும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் குறைந்தது பாதியை மூடும் காப்பையும் கட்டாயமாக்குகிறது. சக்கரத்தில் முந்தானை சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இதை அவனிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. அன்று மாலையே சாரி கார்டு திரும்ப வந்தது.

இனி, என்ன செய்யலாம்? நிறைய மெத்தை வைத்துவிட்டால் போதுமா? போதாது. 3 செ.மீ. உயர்த்தினால் குட்டையானவருக்குச் சிக்னலில் பாதம் தரையில் முழுதும் படியாது. கனமான வண்டி லேசாகச் சாய்ந்தாலே தாங்க முடியாமல் போகும். அகலத்தைக் கூட்டினாலும் தொடைகள் விரிந்து கால் எட்டாமல் போகும். ஆகவே முன்புறம் ஒடுங்கியும், எலும்பு முனைகள் அமரும் இடத்தில் அகன்றும் இருப்பதே முறை. அழகுக்காக ஒடுங்கிய முன்பகுதி இங்கே சுகத்துக்கும் உதவுகிறது.

மென்மையை எண்ணி ஏமாறாதீர்கள். நுரையின் அடர்த்தி வேறு, விறைப்பு வேறு. அடர்த்தி அதிகமான நுரை நெடுநாள் தொய்யாது. அது மென்மையாகவும் இருக்கலாம், கெட்டியாகவும் இருக்கலாம். 1966-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய "மெமரி ஃபோம்" உடலின் வடிவத்தை மெல்ல ஏற்றுக்கொள்ளும். ஆனால் பள்ளத்தின் அடி கண நேரத்தில் வருவது. அதற்குள் நெகிழ நேரமில்லாமல் அது கெட்டியாகவே எதிர்க்கும். தனியாக அது போதாது.

சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் இருக்கை தைக்கும் தொழிலாளர் ஒருவர் எங்களுக்கு வழி காட்டினார். அடியில் கெட்டியான நுரை, மேலே மென்மையான நுரை என்று இரண்டு அடுக்கு. சிறு அசைவுக்கு மேலடுக்கு இடம் கொடுக்கும். பெரிய அடிக்குக் கீழடுக்கு நிற்கும். அவருக்குச் சூத்திரம் எதுவும் தெரியாது. முழங்கையை ஊன்றி முழு எடையையும் போட்டு, அடித்தகடு தட்டுப்படுகிறதா என்று பார்த்தார். நான் பரப்பையும் அழுத்தத்தையும் விளக்க ஆரம்பித்தபோது, "அதைத்தான் சார் பார்க்கிறேன்" என்றார். முழங்கையின் பரப்பு சிறியது. அதனால் கடுமையான சோதனை. பின்பகுதியை 24 செ.மீ.க்கு அகலப்படுத்தி, திமிலைத் தாழ்த்தி, சரிவைச் சரிசெய்து, வழுக்காத உறை போட்டார். பழுப்பு நிறமும் கட்டத் தையலும் அப்படியே இருக்கின்றன. அக்கா ஒருமுறை தெருவைச் சுற்றிவந்து, "கம்பி எங்கே?" என்று மட்டும் கேட்டார். அது அடுத்த வாரம் பொருத்தப்பட்டது.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பஞ்சு, புதியது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சிறு அட்டையை வைத்து, பக்கத்தில் அளவுகோலை நிறுத்துங்கள். ஒரே அளவுள்ள பாடப்புத்தகங்களை ஒவ்வொன்றாக அட்டையின்மேல் அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஸ்பஞ்சின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை செ.மீ. அமிழ்ந்தது என்பதைக் கிடைக்கோட்டிலும், புத்தகங்களின் எண்ணிக்கையைச் செங்குத்துக் கோட்டிலும் கொண்டு வரைபடம் வரையுங்கள். அதே ஸ்பஞ்சைப் பாதித் தடிமனுக்கு அறுத்து மீண்டும் செய்து, இரண்டு கோடுகளும் எந்த இடத்தில் திடீரென நிமிர்கின்றன என்று பாருங்கள்.